கியாழத்திலிருந்து தேநீருக்கு: கொல்லை மூலிகைக் குடிநீர் குறித்த ஒரு மதிப்பீடு

துளசி, ஆடாதோடை, கற்பூரவல்லி, தூதுவளை முதலியவற்றைக் கொல்லையிலோ தொட்டியிலோ வளர்த்து, வேண்டும்போது பறித்து நீரிலிட்டுக் குடிக்கும் வழக்கம் இன்று ‘மூலிகைத் தேநீர்’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிட்டது. தேநீர் என்பது தேயிலைச் செடிக்கே உரிய பெயர் என்பது ஒருபுறமிருக்க, நோய் வந்தபோது சில நாள் குடித்து நிறுத்தப்பட்ட ஒன்று, நாள்தோறும் காலையில் குடிக்கப்படும் ஒன்றின் பெயரைப் பெற்றதோடு அதன் பழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சித்த மருத்துவம் இத்தகைய வடிநீரைக் குடிநீர் என்றும் கியாழம் என்றும் வழங்கி, அகமருந்து வகைகள் 32இல் ஒன்றாக எண்ணுகிறது. சரக்கை, அதாவது மருந்துப் பொருளை, ஒன்றிரண்டாக இடித்து நீர் சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சி, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவைத்து வடிப்பது பொதுமுறை. காய்ச்சாமல் நீரில் ஊறவைத்து வடிப்பது ஊறல் குடிநீர் எனத் தனியே பிரிக்கப்படும். வடித்த குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்; அதன்பின் அது மருந்தாகக் கொள்ளப்படுவதில்லை. காய்ச்சுதல், ஊறவைத்தல் என்னும் இப்பாகுபாடு வேதியியல் நோக்கிலும் பொருத்தமுடையது. துளசியின் யூஜினால், கற்பூரவல்லியின் கார்வக்ரால், எலுமிச்சைப் புல்லின் சிட்ரால் ஆகியவை ஆவியாகும் எண்ணெய்களைச் சேர்ந்தவையாதலால், திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் வீடு மணக்குமேயன்றிக் குடிப்பவருக்கு மிஞ்சுவது குறைவு. வேரும் பட்டையும் தண்டுமோ கொதித்தாலன்றிச் சத்தை எளிதில் விடுவதில்லை. இக்காலத்தில் துளசியைக் கால் மணி நேரம் கொதிக்கவைப்பதும், பட்டைத்தூளைச் சிறுபையில் அடைத்து இரண்டு நிமிடம் நனைத்து எடுப்பதும் இந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டன.

செடியில் உண்மையான மருந்துச் சரக்கு உண்டா என்னும் ஐயத்துக்கு ஆடாதோடையே போதிய விடை. இருமலுக்கும் கோழைக்கும் அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது நெடுங்கால வழக்கம். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை முன்மாதிரியாகக் கொண்டே, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. ஆயினும் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உடையது என்பதால், கருவுற்ற பெண்ணுக்கு ஆடாதோடைக் குடிநீர் ஆகாது. வேலை செய்யும் பொருள் எதுவும் வேண்டாத வேலையையும் செய்யக்கூடும் என்னும் எளிய உண்மையை, ‘இயற்கையானது, பக்கவிளைவற்றது’ என்னும் விளம்பரத் தொடர் மறைத்துவிடுகிறது. மரபு அவ்வாறு மறைத்ததில்லை. சுக்கிற்குப் புறத்தோலும் கடுக்காய்க்கு உள்விதையும் நஞ்சு என்று அஞ்சறைப்பெட்டிச் சரக்குக்கே சுத்திமுறை வகுத்த மரபு அது.

மரபின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. எக்குடிநீர் யாருக்கு உதவவில்லை, யாருக்குத் தீங்கு செய்தது என்பதைத் தொடர்ந்து எழுதிவைக்கும் ஏற்பாடு அதில் வளரவில்லை. பலன் கண்டவர் சொல் பரவ, பலன் காணாதவர் சொல் அடுப்படியோடு நின்றுவிட்டது. சாதாரணச் சளி மருந்தின்றியே ஒரு வாரம் பத்து நாளில் தணியும் இயல்புடையதாகையால், மூன்றாம் நாள் குடித்த கியாழம் ஏழாம் நாள் நலத்துக்குரிய புகழை எளிதில் பெற்றுவிடும். இஞ்சி சேர்த்த மல்லித் தண்ணியும் கருப்பட்டி இட்ட சுக்குமல்லிக் காபியும் தொண்டைக்கு இதமளிப்பவை என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. அந்த இதத்தை நோய் நீக்கமாகக் கொள்ளும்போதே பிழை தொடங்குகிறது.

இப்பிழையின் பெரிய வடிவத்தை நிலவேம்புக் குடிநீர் விவாதத்தில் காணலாம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம் என 9 சரக்குகள் சேர்ந்த இக்குடிநீர், 2006இல் சிக்குன்குனியாவும் 2012இல் டெங்குவும் பரவியதையடுத்துத் தமிழகத்தில் பெருமளவில் வழங்கப்பட்டது. 2017இல் நடிகர் கமல்ஹாசன், ஆய்வு முடியும்வரை அதை வழங்க வேண்டாம் என்று தம் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டபோது எழுந்த சர்ச்சை, பெரும்பாலும் தமிழ் மருத்துவத்தின் மானத்தைப் பற்றியதாகவே நடந்தது. டெங்குக் காய்ச்சலும் பெரும்பாலோருக்குத் தானே தணிவது என்பதால், குடித்தவரையும் குடியாதவரையும் ஒப்பிட்டாலன்றி எதையும் துணிய இயலாது என்னும் உண்மை அவ்வாரவாரத்தில் அமிழ்ந்தது. எனினும் நிலவேம்பிடம் ஒரு நற்குணம் உண்டு: அதன் கசப்பு தாங்க முடியாதது. தேவைக்கு மேல் யாரும் குடிக்காதபடி அக்கசப்பே அளவுகோலாக நின்றது. தேனும் எலுமிச்சையும் சேர்த்து மூலிகைகளைச் சுவைப்பானமாக்கும் இன்றைய வழக்கம் அந்தக் காவலை நீக்கிவிட்டது.

எத்தனை நாள் என்னும் வரம்பு நீங்கியதன் விளைவைச் சீந்தில் காட்டுகிறது. வேலியில் படரும் இக்கொடியின் தண்டு, 15 சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீரில் ஓர் உறுப்பாக மட்டும் சேர்வது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் அதைத் தனியே எடுத்து, நோயெதிர்ப்பு ஆற்றலுக்கென்று வாரக்கணக்கில் குடித்தவர் பலர். மும்பையில் அவ்வாறு குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021இல் மருத்துவர்கள் ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் குடித்தது சீந்திலாக இராது, அதை ஒத்த வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இம்மறுப்பு சரியாகவே இருந்தாலும் அது வழக்கத்துக்கு ஆறுதலாகாது; ஏனெனில், கொல்லையில் நிற்பது எந்தக் கொடி என்று அறியாமல் குடிக்கும் நிலையை அது உறுதிப்படுத்துகிறது. நாட்டு மருந்துக் கடையில் பேர் சொல்லி வாங்கும் உலர்ந்த சரக்கிலோ இலையையும் பூவையும் பார்த்துத் தெளியவும் வழியில்லை.

சங்குப்பூவின் நிலை இன்னும் விந்தையானது. தமிழ் மருத்துவத்தில் பேதிக்குப் பயன்பட்டது அக்கொடியின் வேர். நீலத் தேநீராக அதன் பூவை ஊறவைப்பதும், எலுமிச்சைச்சாறு பட்டதும் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் ஊதாவாக மாறுவதைக் கண்டு மகிழ்வதும் தாய்லாந்து முதலிய தென்கிழக்காசிய நாடுகளில் வேரூன்றிய வழக்கம். கண்ணுக்கு இனிய பானம் என்பதற்கு மேல் அதற்குத் தமிழ் மருத்துவப் பழமையைத் தேடித் தருவது வணிகத்துக்கு உதவலாம், வரலாற்றுக்கு உதவாது.

ஆவாரைக்கோ அத்தகைய பழமை மெய்யாகவே உண்டு. அது பூத்திருக்கும் இடத்தைச் சாவு அண்டாது என்னும் பொருளில் பழமொழியே வழங்குகிறது. இலங்கையில் சிங்களவர் ரணவரா என்னும் பெயரில் அதைத் தேயிலைபோல் அருந்துகின்றனர். அதே இலங்கையின் ஆய்வாளர்கள், நாட்டு மூலிகைகள் சிலவற்றைச் சோதித்து 1981இல் வெளியிட்ட கட்டுரையில், கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய பைரோலிசிடின் ஆல்கலாய்டு காணப்பட்டவற்றுள் ஆவாரையையும் சேர்த்திருந்தனர். அந்த ஒரு கட்டுரையைக் கொண்டு ஆவாரையை விலக்குவது மிகை. இவ்வகை ஆல்கலாய்டுகளின் தீங்கு சிறுசிறு அளவாக நெடுநாள் உட்கொள்வதாலும் நேரக்கூடியது என்பதால், சில நாள் குடித்து நிறுத்துபவரைவிட ஆண்டு முழுதும் குடிப்பவருக்கே அக்கட்டுரை கூடுதலாகப் பொருந்தும். நாள்தோறும் பருகத்தக்கது என்று விற்கப்படும் ஆவாரம்பூப் பொட்டலம் வேளைக்கு எத்தனை கரண்டி என்று சொல்கிறது. எத்தனை நாளுக்கு என்று சொல்வதில்லை.