விடைபெற்ற பின்னரே மலைக்கு

பல ஆண்டுகள் இடைவிடாது பணியாற்றிய பங்குத்தந்தை ஒருவர், ஆயரின் இசைவுடன் செபத்திற்கும் படிப்பிற்கும் உடல்நலத்திற்குமாகச் சில மாதங்களோ ஓராண்டோ பணியினின்று விலகியிருப்பதை ஓய்வாண்டு என்கிறோம். இது சலுகையன்று, பணியின் ஒரு பகுதியே. குருக்களின் தொடர் உருவாக்கத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டின் தம் ஊக்கவுரையில் வலியுறுத்தினார். 1994இல் வெளிவந்த குருக்களின் பணிவாழ்வுக்கான உரோமைக் கையேடும் இத்தகைய ஓய்வுக்காலத்திற்கு இடமளித்தது. ஆயினும் குரு தம் பயணத்திற்கு ஆயத்தமாகும் அளவிற்கு இறைமக்கள் அப்பிரிவிற்கு ஆயத்தமாக்கப்படுகின்றனரா? இக்கேள்வியோடு இரு பழைய எழுத்துகளை அணுகுவோம்.

முதலாவது, மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். பணி முடித்துத் திரும்பிய சீடரைத் தனிமையான இடத்திற்கு வந்து சற்று ஓய்வெடுக்குமாறு இயேசு அழைக்கிறார். குருக்களின் ஓய்வைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இவ்வசனத்தைக் காட்டுவர். காட்டிவிட்டு அங்கேயே நின்றும்விடுவர். நற்செய்தியாளரோ நிற்கவில்லை. படகு கரையை அடையுமுன்பே மக்கள் கால்நடையாக ஓடி அங்குச் சேர்ந்துவிட்டனர் என்கிறார். ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மீது இயேசு பரிவு கொள்கிறார், நெடுநேரம் கற்பிக்கிறார். நீங்களே அவர்களுக்கு உணவு கொடுங்கள் என்று சீடரைப் பணிக்கிறார். மக்கள் நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் வரிசையாக அமர்கின்றனர். அனைவரும் உண்டபின் சீடரைப் படகேற்றி அனுப்புகிறார். மக்களிடம் தாமே விடைபெறுகிறார். அதன் பின்னரே செபிக்க மலைக்குச் செல்கிறார்.

இந்நிகழ்ச்சிகளின் வரிசையே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம். தேடி வந்த மக்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்களின் பசி உண்மையான பசி. எனினும் அப்பசியைக் காரணம் காட்டித் தம் தனிமையை அவர் கைவிடவுமில்லை. மக்களைச் சிறு குழுக்களாக அமர்த்தினார்; பகிர்ந்தளிக்கும் பொறுப்பைச் சீடரிடம் ஒப்படைத்தார்; விடைபெற்றார்; சென்றார். நம் காலத்து அன்பியங்களின் சாயலை அந்த ஐம்பதிலும் நூறிலும் காண்பது மிகையாகாது.

இரண்டாவது எழுத்து நான்காம் நூற்றாண்டினது. கப்பதோக்கியா நாட்டு நசியான்சு நகரில் ஆயராக இருந்தவர் புனித கிரகோரியாரின் தந்தையே. அவர் 361ஆம் ஆண்டின் இறுதியில், மக்களின் விருப்பத்திற்கிணங்க, மகனின் மனத்திற்கு மாறாக அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். கலங்கிய கிரகோரியார், போந்து நாட்டில் தனிமைவாழ்வு மேற்கொண்டிருந்த நண்பர் பசிலியாரிடம் திடீரென அகன்று சென்றார். 362ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவிற்குத் திரும்பி வந்தார். அதன்பின் தம் செயலுக்கு விளக்கமாக அவர் இயற்றியதே 'இரண்டாம் உரை' என வழங்கும் நீண்ட நூல். உடல்நோய் தீர்க்கும் மருத்துவத்தினும் ஆன்ம மருத்துவம் அரிது என்பதை அதில் விரித்துரைக்கிறார். அமைதிக்கான ஏக்கம், பணியின் பளுவைக் கண்ட அச்சம் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்கிறார். மக்கள்மீது கொண்ட பற்றும் பெற்றோரின் முதுமையும் தம்மைத் திரும்ப அழைத்தன என்கிறார். யோனாவின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்கிறார். குருத்துவம் பற்றிப் பின்னர் எழுதிய கிறிசோஸ்தோம் யோவானுக்கும் திருத்தந்தை பெரிய கிரகோரியாருக்கும் இந்நூல் ஊற்றாயிற்று.

நூலின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அதன் அருகிலேயே மற்றொரு சிறு உரை இருப்பதை நாம் மறக்கலாகாது. தம்மை விரும்பி அழைத்தவர்களே தம் உரையைக் கேட்க வரவில்லை என்று அவர் மனம் நொந்து பேசிய 'மூன்றாம் உரை' அது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கிரகோரியார் தந்த விளக்கம் ஆழமானது. ஆனால் அது பிரிவிற்குப் பின் வந்தது. முன்னரே கூறப்பட்டிருக்குமாயின் மக்களின் மனத்தாங்கலைத் தணித்திருக்கக்கூடிய சொற்கள், காலம் கடந்து வந்தமையால் இலக்கியமாயின, மருந்தாகவில்லை. இயேசு முதலில் செய்ததை அவர் இறுதியில் செய்தார் எனலாம்.

இவ்விரண்டின் வெளிச்சத்தில் நம் பங்குகளின் வழியனுப்பு விழாவைப் பார்ப்போம். பொன்னாடை போர்த்துகிறோம்; மாலை அணிவிக்கிறோம்; அழகாக அச்சிட்ட பாராட்டு மடலை வாசித்தளிக்கிறோம். அம்மடலில் குருவானவர் கட்டிய கெபியும் எழுப்பிய மண்டபமும் வரிசையாக இடம்பெறும். எதற்காகச் செல்கிறார், எப்போது திரும்புவார், அதுவரை பொறுப்பேற்பவர் யார் என்னும் மூன்றும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஓய்விற்குச் செல்பவரை நிரந்தரமாகப் பிரிபவரைப் போலவே புகழ்ந்தனுப்புகிறோம். சொல்லப்படாத அவ்விடத்தை ஊர்ப்பேச்சு நிரப்புகிறது. நோய் என்பர் சிலர். ஆயரோடு பிணக்கு என்பர் வேறு சிலர். அவதூறு குருவைத் தொடர்கிறது. புதிதாக வந்தவரோ, ஒவ்வொரு செயலிலும் முன்னவரோடு ஒப்பிடப்பட்டுத் தளர்கிறார். நள்ளிரவில் நோயிற்பூசுதலுக்கு யாரை அழைப்பது என்றறியாது ஒரு குடும்பம் தவிக்குமாயின், நாம் படித்தளித்த மடலால் பயன் யாது?

திருச்சபையின் சட்டம் இதில் நம்மினும் தெளிவாக உள்ளது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, எண் 533இல், பங்குத்தந்தைக்கு ஆண்டிற்கு ஒரு மாத விடுமுறையை அனுமதிக்கிறது; ஒரு வாரத்திற்கு மேற்படின் முன்னரே தெரிவிக்கப் பணிக்கிறது; அவர் இல்லாத காலத்தில் மக்களைப் பேணுவதற்கான ஒழுங்குகளை ஆயர் வகுக்கவேண்டும் என்கிறது. பங்குத்தந்தை பணியாற்ற இயலாத நிலையில் பங்கு நிர்வாகி ஒருவரை அமர்த்த எண் 539 வழிசெய்கிறது. அவ்வாறு அமர்த்தப்படுபவர் பங்குத்தந்தையின் உரிமைக்கோ பங்கின் உடைமைக்கோ ஊறு செய்யலாகாது. பணி முடிந்தபின் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்கிறது எண் 540. இவ்விதிகளைச் சாதாரணத் தமிழில் பீடத்தினின்று ஒருமுறை விளக்கினாலே பாதி அச்சம் அகன்றுவிடும்.

மீதிப் பாதிக்கு நாமே பொறுப்பு. பங்குப் பேரவையும் நிதிக்குழுவும் குருவின் நிழலில் மட்டுமே இயங்குவனவாயின், அவர் செல்லும் நாளில் அவையும் ஓய்ந்துவிடும். ஆகவே, புறப்பாட்டிற்குப் பல மாதங்களுக்கு முன்பே மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு, அன்பியக் கூட்டம் ஆகியவற்றின் பொறுப்பைப் பொதுநிலையினர் ஒவ்வொன்றாக ஏற்றுப் பழகவேண்டும். குருவானவர் அருகிலிருக்கும்போதே அப்பம் நம் கைகளில் வரவேண்டும்.

அழுது தடுப்பதும் அன்பின் அடையாளமே என்று சிலர் கூறக்கூடும். கரையோரமாய் ஓடிவந்த மக்களின் அன்பை இயேசு மறுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் உண்டு நிறைந்தபின் அவர்கள் வீடு திரும்பினர், அவர் மலையேறினார். தம் ஆயனை மலைக்கு அனுப்பத் தெரிந்த மந்தையே, அவர் இறங்கி வரும்போது மனத்தாங்கலின்றி எதிர்கொண்டு அழைக்கவும் அறியும்.