கமெராவின் உயரமும் வர்க்க நோக்கும்

திரைப்படத்தில் கமெராக் கோணம் வெறும் தொழில்நுட்பத் தெரிவன்று. எவர் நிலைநின்று உலகு நோக்கப்படுகின்றது என்பதை அதுவே உணர்த்துகின்றது. ஐசன்ஸ்ரைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில், ஒடெசாப் படிக்கட்டில் சுட்டபடி இறங்கும் படையினர் பெரும்பாலும் சப்பாத்துகளும் துவக்குகளும் கொண்ட வரிசையாகவே தோன்றுகின்றனர். அண்மைக்காட்சியில் முகம் பெறுவோர் மக்களே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கல்முனைக் கரையை ஆகாயத்திலிருந்து காட்டும் படங்களையும் நாம் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். அவற்றில் மருதமுனையும் சாய்ந்தமருதும் கூரையிழந்த சதுரங்களின் நிரை மட்டுமே. அழிவின் பரப்பை அறிய அக்கோணம் பயன்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், முகங்களற்ற கரையில் கோடு கீறுதல் எளிது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு 2005இல் நடைமுறைப்படுத்திய எல்லை, குடியிருப்பு நெருக்கம் மிகுந்த இவ்வூர்களில் மாற்றுக் காணியின்றிப் பலரைத் தவிக்கவிட்டது. மனிதக் கண்ணின் உயரத்தில் கமெராவை நிறுத்திப் பார்ப்பின், அந்த 200 மீற்றர் மீனவன் தன் வாசலிலிருந்து தோணிக்கு நடக்கும் தூரமாகும்.