ஐந்து குவியல்கள்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு விடைத்தாள் எடுக்கப் போய், கரிந்த வாசனைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறேன், பலமுறை. "பொம்பளைக்கு இந்தக் கவனம்கூட இல்லையா?" என்ற கேள்வியும் கூடவே வரும். 42 வயதில் மருத்துவர் இதற்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். அதன்பின் நான் வாசித்தவற்றுள் பேசவேண்டிய நூல், கே.சி. டேவிஸின் 'ஹவ் டு கீப் ஹவுஸ் வைல் டிரௌனிங்' (2022).

அமெரிக்க மனநல ஆலோசகரான டேவிஸுக்கும் ஏடிஎச்டி உண்டு. அவர் சொல்லும் வழி எளிது. எவ்வளவு அலங்கோலமான அறையிலும் இருப்பவை ஐந்தே வகை: குப்பை, பாத்திரம், துணி, இடம் உள்ள பொருள், இடம் இல்லாத பொருள். ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும் எடுக்கவேண்டும். "வீட்டை ஒழுங்குபடுத்து" என்றால் உறைந்துபோகும் என் மூளை, "குப்பையை மட்டும் பொறுக்கு" என்றால் நகர்கிறது.

நூலின் உண்மையான பலம் வேறு. வீட்டுவேலைக்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை என்கிறார் டேவிஸ். திருக்குறளின் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரம் மனைமாட்சியை இல்லாளிடம் எதிர்பார்க்கிறது. அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் எனக்கு, கழுவாத பாத்திரம் வெறும் கழுவாத பாத்திரம்தான் என்பது பெரிய விடுதலை.

ஆனால், குவியலைக் குவியலாக விட்டுவைக்கும் உரிமை நம் வீடுகளில் யாருக்கு இருக்கிறது? மாமியாரும் விருந்தினரும் அதில் மருமகளின் குணத்தைப் படிப்பார்கள். வேலை சமமாக இல்லாவிட்டாலும் ஓய்வு நியாயமாகப் பங்கிடப்படவேண்டும் என்கிறார் டேவிஸ். நான் நினைவையும் சேர்ப்பேன். மறதிக்கார ஆணுக்குச் சாவியை எடுத்துக் கொடுக்கவும் மாத்திரையை நினைவூட்டவும் அம்மாவோ மனைவியோ இருக்கிறார்கள். அவனுக்கு அவளே அலாரம். அவன் குறைபாடு வெளியே தெரிவதேயில்லை. என் கதையும் சுத்தமில்லை. "அக்கா, எண்ணெய் தீரப்போகுது" என்று சொல்லும், வேலைக்கு வரும் பெண்ணின் கவனத்தில்தான் என் சமையலறை ஓடுகிறது. அவர் கூலியில் பாத்திரத்துக்கும் துடைப்பத்துக்கும் கணக்குண்டு. அந்த நினைவுக்கு இல்லை.

அலாரம், வெளியே தெரியும் டப்பாக்கள், கதவோரம் சாவிக்கு ஓர் ஆணி எல்லாம் எனக்கும் உதவுகின்றன. ஆனால், இந்த வீட்டில் யாருக்காக யார் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்காத எந்த அட்டவணையும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையாகத்தான் ஏறும்.

இப்போது காலைப் பால் கணவரின் பொறுப்பு. போன வாரம் அவரும் பொங்கவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.