துடோங்கைத் தாண்டிக் கேட்க வேண்டிய பேஸ்

மேற்கு ஜாவாவின் காரூட் பகுதியில், 2014இல் மூன்று பள்ளித்தோழிகள் தொடங்கிய மெட்டல் குழு வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட். சுண்டா மொழியில் 'பாச்செப்ரோட்' என்றால் ஓயாத சளசளப்பு. 2024இல் கிளாஸ்டன்பரி மேடைவரை போய்விட்டார்கள். ஆனாலும், 'துடோங் போட்டுக்கிட்டு மெட்டலா!' என்ற வியப்பைத் தாண்டிப் பலரும் எழுதுவதே இல்லை. பாட்டை யாருங்க கேட்டது?

'ரெட்டாஸ்' (2023) தொகுப்பில் முதலில் காதைப் பிடிப்பது விடியின் பேஸ். கட்டைவிரலால் கம்பியை அறைந்து, சித்தி ஆயிஷாவின் டிரம்ஸோடு மல்லுக்கட்டுகிறது. மார்ஸ்யாவின் குரல் பாதி பேச்சு, பாதி கத்தல். சில இடங்களில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் சாயல் அப்பட்டம். அதையும் சொல்வதுதான் அவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

நம்மூர் இளையர்களின் முதல் கவிதை நூலையும் இப்படித்தானே தட்டிக்கொடுத்து மூடிவைக்கிறோம், வயதைப் பார்த்து, வரியைப் பார்க்காமல்?