ஜெமிமா ஜெர்சியில் ஒட்டிய சேறு

43 அங்குலம் சார், 43! செஞ்சி காந்தி பஜார்ல யாரைப் பார்த்தாலும் இப்போ நான் முதல்ல சொல்றது இதைத்தான், வணக்கமெல்லாம் அப்புறம். மளிகைக் கடையில புளி நிறுத்துக்கிட்டிருந்தவர்கிட்ட சொல்லிட்டேன். திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்த முன்பின் தெரியாத பெரியவர்கிட்டயும் சொல்லிட்டேன், அவர் பாவம், "நல்லதுப்பா, நல்லா பாரு"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு பஸ் ஏறிட்டார். "ஊர்ல உங்களுக்கு முன்னாடி யாருமே டிவி வாங்கலையா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்கிறாங்க. வாங்கியிருக்காங்க, பாதி ஊரு எப்பவோ வாங்கிடுச்சு. அதனால என்ன? கல்யாணம்கூட எல்லாரும்தான் பண்ணிக்கிறாங்க, அதுக்காக மாப்பிள்ளை சிரிக்காமலா இருக்கான்?

எங்க வீட்டில் அதுவரைக்கும் இருந்தது 14 அங்குலம். 2006 சட்டமன்றத் தேர்தல்ல கலைஞர் வாக்குக் கொடுத்து, ஆட்சிக்கு வந்ததும் வீடு வீடா கொடுத்தாரே, அந்தக் கலர் டிவி. வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தவர் எங்க அப்பா. அம்மா அதுக்குப் பூப்போட்ட துணியில உறை தைச்சுப் போட்டாங்க. பின்னாடி மண்டை பெருத்த அந்தப் பெட்டி இருக்கே, சுவிட்சைப் போட்டதும் 'டொய்ங்'னு ஒரு சத்தம், கண்ணாடிகிட்ட கையைக் கொண்டுபோனா மயிரெல்லாம் எழுந்து நிக்கும், அதுக்கப்புறம்தான் ஆடி அசைஞ்சு படம் வரும். இத்தனை வருஷத்துல ரிப்பேர்னு ஒண்ணு வந்ததே கிடையாது. அதுதாங்க சிக்கலே! கெட்டுத் தொலைஞ்சிருந்தா ஒரே சாயங்காலத்துல முடிவு பண்ணியிருக்கலாம். "இன்னாத்துக்குடா இப்போ, நல்லாதான ஓடுது?"ன்னு அப்பா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

நல்லாதான் ஓடுச்சு. ஆனா என்ன தெரிஞ்சுச்சு? 2024 ஜூன் 29 ராத்திரியை நினைச்சுப் பாருங்க, பார்படாஸ்ல டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேணும், ஹார்திக் பாண்டியா போட்ட முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்கிறாரு, சூர்யகுமார் யாதவ் ஓடிவந்து எல்லைக் கோட்டுக்கிட்ட பிடிச்சு, பந்தை உள்ள தூக்கிப்போட்டு, தான் வெளிய போய், திரும்ப உள்ள வந்து பிடிச்சாரே, ஐயோ, இப்பவும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது! கால் கயித்துல பட்டுச்சா படலையான்னு உலகமே சண்டை போட்டுச்சு. எங்க வீட்டு 14 அங்குலத்துல காலும் தெரியல, கயிறும் தெரியல. ஒரு நீலப் புள்ளி ஒரு வெள்ளைக் கோட்டுக்கிட்ட போச்சு, வந்துச்சு, அவ்வளவுதான். ஜெயிச்சதையே ராத்திரி வெடிச்ச பட்டாசுச் சத்தத்தை வெச்சுத்தான் நான் முழுசா நம்பினேன். இதுல இன்னொரு கொடுமை, இப்போ வர்ற படமெல்லாம் 16க்கு 9ன்னு அகலமா எடுக்கிறது, நம்ம பெட்டியோ 4க்கு 3. அதனால ரெண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, மூலையில போடுற ஸ்கோர்ல பாதி எழுத்து பெட்டிக்கு வெளிய எங்கேயோ நிக்கும்.

அப்பவும் வாங்கல. மனசு மட்டும் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

என்னை உடைச்சது 2025 ஜூலை 11. பாரிஸ்ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு கூடி, மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12க்குப் பாரம்பரியச் சின்னம்னு அங்கீகாரம் கொடுத்துச்சு. 11 மகாராஷ்டிரத்துல, மிச்சம் ஒண்ணே ஒண்ணு தமிழ்நாட்டுல, அது எங்க செஞ்சி! சிவாஜி 1677ல பிடிச்ச கோட்டை, அவர் மகன் ராஜாராம் உள்ள இருந்துக்கிட்டு முகலாயப் படையை வருஷக்கணக்கா வெளியவே நிக்க வெச்ச கோட்டை, தேசிங்குராஜா கதையா தெருக்கூத்துல விடிய விடிய எங்க தாத்தா கண் கொட்டாம பார்த்த கோட்டை, அது நியூஸ்ல வருது! வீடே டிவி முன்னாடி உட்கார்ந்துச்சு. காட்டினான். பழுப்பா ஒரு குவியல் தெரிஞ்சுச்சு. "ராஜகிரியா, கிருஷ்ணகிரியா?"ன்னு அம்மா கேட்டாங்க. பிறந்ததிலேருந்து அண்ணாந்து பார்த்த மலைங்க, எங்களுக்கே அடையாளம் தெரியல! அந்த நிமிஷம் அப்பா ஒண்ணும் சொல்லாம தொண்டையைச் செருமினார் பாருங்க, அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் கடை கடையா ஏறி இறங்கினேன், வாங்கிறதுக்கு இல்ல, சும்மா பார்க்கிறதுக்கு. கடைக்காரங்க ஓட விடுற அந்த வீடியோ இருக்கே, தேன் சொட்டுறது, கிளி இறக்கையை விரிக்கிறது, அதுல எந்த டிவியும் அழகாத்தான் இருக்கும், அதை நம்பாதீங்க. நான் விடாப்பிடியா "நியூஸ் சேனல் போடுங்க, மேட்ச் போடுங்க"ன்னு நின்னேன். ஒரு கடையில வேலை பார்க்கிற தம்பி என்னைப் பார்த்தாலே ஒளிய ஆரம்பிச்சிட்டான். ராத்திரி படுத்துக்கிட்டுக் கணக்குப் போடுவேன். பழைய முறையில திரைக்குக் குறுக்கே 720 புள்ளி, மேலிருந்து கீழே 576 வரி, பெருக்கினா 4,14,720. முழு எச்டின்னா 1920க்கு 1080, அது 20,73,600. சரியா அஞ்சு மடங்கு! ஒரு புள்ளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல, அஞ்சு! அப்புறம் 14 அங்குலத்துக்கும் 43 அங்குலத்துக்கும் பரப்பளவு போட்டேன், எட்டு மடங்கைத் தாண்டுது. பக்கத்துல தூங்கிட்டிருந்தவங்களை எழுப்பி, "எட்டு மடங்கும்மா!"ன்னேன். என்ன சொன்னாங்கங்கிறது இங்க வேண்டாம்.

விலைதான் இடிச்சுச்சு. அதுக்கும் ஒரு வழி பிறந்துச்சு. 32 அங்குலத்துக்கு மேல இருக்கிற டிவிக்கெல்லாம் ஜிஎஸ்டி 28 சதவீதமா இருந்தது, செப்டம்பர் 22லேருந்து 18 ஆச்சு. தீபாவளிச் செலவு கணக்கு நோட்டுல ஒரு வரி சேர்ந்துச்சு. 32 போதும்னு வீட்டுல ஒரு கட்சி, 43தான்னு நானும் பையனும் இன்னொரு கட்சி. நம்ம கூடத்துல சுவத்துக்கும் நாற்காலிக்கும் ஆறேழு அடி, அந்தத் தூரத்துல 32ல எச்டியோட நுணுக்கம் பாதி கண்ணுக்கே எட்டாது, 43ன்னா எட்டும்னு நான் டேப்பை வெச்சு அளந்து காட்டிப் பிரசங்கமே பண்ணினேன். ஜெயிச்சேன்!

வந்துச்சுங்க பெட்டி. அட்டையைப் பிரிக்கும்போது என் கை நடுங்குச்சு, சிரிக்காதீங்க, நிஜமா நடுங்குச்சு. அந்தத் தெர்மகோல் கிறீச்சிடுற சத்தம், புது பிளாஸ்டிக் வாசனை, மண்டையே இல்லாத அந்த ஒல்லி முதுகு! அம்மா ஓரத்துல சந்தனம் குங்குமம் வெச்சாங்க. இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், காதுல போட்டுக்குங்க: டிவி மட்டும் எச்டியா இருந்தா பத்தாது. பழைய கேபிள் பாக்ஸை, அந்தச் சிவப்பு மஞ்சள் வெள்ளை வயர்லயே சொருகினா, 4,14,720 புள்ளியைத்தான் 43 அங்குலத்துக்கு இழுத்துப் பூசும், மூஞ்சியெல்லாம் வீங்கித் தெரியும், "இதுக்கா இத்தனை பணம்"னு வீடே உங்களைப் பார்க்கும். எச்டி பாக்ஸ் வேணும், எச்டிஎம்ஐ வயர் வேணும், சேனல் பட்டியல்ல பேருக்குப் பின்னாடி எச்டின்னு போட்ட சேனலைத்தான் வைக்கணும். மூணும் சேரணும். சேர்ந்தா?

சேர்ந்த அன்னிக்கு அக்டோபர் 30. நவி மும்பையில பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி, எதிர்ல ஆஸ்திரேலியா, 338 அடிச்சு வெச்சிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு கற்பனை பண்ணிக்குங்க, இல்ல, கண்ணை மூடாதீங்க, நான் சொல்றேன், நீங்களும் என் பக்கத்துல அந்தப் பாய்ல உட்காருங்க. புல்லு! முதல்ல புல்லுதான் சார்! பழைய டிவியில பச்சைன்னா ஒரே பச்சை, துணி விரிச்ச பச்சை. இதுல வெட்டின புல்லு ஒரு பட்டை வெளிர், ஒரு பட்டை கருப்பச்சை, ஒவ்வொரு பட்டையிலும் பனி ஈரத்துக்கு விளக்கு மினுங்குது. பந்தோட தையல் தெரியுது, ஹெல்மெட் கம்பிக்குள்ள கண்ணு தெரியுது. நம்ம ஹர்மன்ப்ரீத் பல்லைக் கடிக்கிறாங்க, தாடை அசையறது தெரியுது. அப்புறம் ஜெமிமா ரோட்ரிக்ஸ். அந்தப் பொண்ணு பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடி விழுந்து எழுந்து, நீல ஜெர்சி முன்பக்கமெல்லாம் சேறு, அந்தச் சேத்துல காஞ்ச சேறு எது ஈரச் சேறு எதுன்னு என்னால சொல்ல முடிஞ்சுச்சு! 82ல இருக்கும்போது மேல எழும்பின பந்தை ஹீலி கோட்டை விட்டாங்க, நான் எழுந்து நின்னுட்டேன், உட்காரவே இல்ல. நூறு போட்டாங்க, மட்டையைக்கூடத் தூக்கல, வேலை முடியலைன்னு மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு, அதையும் படிக்க முடியுது சார், மூஞ்சியைப் படிக்க முடியுது! 48.3 ஓவர்ல 341, ஜெமிமா அவுட் ஆகாம 127, ஜெயிச்சாச்சு, அந்தப் பொண்ணு முகத்தைப் பொத்திக்கிட்டு அழுது, கண்ணு ஓரத்துல தண்ணி கட்டி நிக்குது, விழலாமா வேணாமான்னு நிக்குது, விழுந்துச்சு. விழுந்ததும் எங்க வீட்டுக் கூடத்துல நாலு பேரு அழுதோம், எங்க அப்பாவும் சேர்த்தி. "டேய், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுடா"ன்னார். பழைய டிவியைப் பத்தி அன்னிக்கு ராத்திரி யாரும் பேசல.

நவம்பர் 2 இறுதிப் போட்டிக்குத் தெருவே எங்க வீட்டுல. மழையால மேட்ச் தள்ளிப்போக, அம்மா எல்லாருக்கும் வேர்க்கடலை வேகவெச்சுக் கொடுத்தாங்க. கடைசியில தீப்தி ஷர்மா பந்துல எதிரணி டி கிளெர்க் தூக்கி அடிச்சதை ஹர்மன்ப்ரீத் பின்னாலயே ஓடிப் போய்ப் பிடிச்சாங்க பாருங்க, விரல் பந்தை மூடறதைப் பார்த்தேன், விரல்!

மேட்ச்சோட நிக்கலை பைத்தியம். நியூஸ் வாசிக்கிற அம்மா கட்டியிருக்கிற புடவையில ஜரிகை எது, வெறும் மஞ்சள் நூல் எதுன்னு வீட்டுக்காரம்மா பத்தடி தள்ளி நின்னு சொல்றாங்க. சீரியல் மாமியாருக்குக் கழுத்துல பவுடர் எங்க நின்னுபோச்சுன்னு தெரியுது, அது கொஞ்சம் சங்கடம்தான், ஆனா அதுவும் ஒரு பொழுதுபோக்கு. பழைய படமெல்லாம் எச்டியில என்னத்தைத் தெரியப்போவுதுன்னு மச்சான் கிண்டல் பண்ணினாரு. அவருக்கு உறைக்கிற மாதிரி சொன்னேன்: சினிமாவை எடுத்தது 35 மி.மீ. பிலிம்ல மாப்ளே, அந்தப் பிலிமுக்குள்ள இருந்த நுணுக்கத்துல பெரும்பங்கு நம்ம பழைய பெட்டிக்கு வரவே இல்ல, உள்ளேயே கிடந்துச்சு. 1964ல வந்த 'கர்ணன்' படத்தை டிஜிட்டல்ல துடைச்சு 2012ல திரும்ப தியேட்டர்ல விட்டாங்களே, அதை இப்போ இதுல போட்டா சிவாஜி கணேசனோட கவசத்துல ஒவ்வொரு கல்லும் தனித்தனியா மின்னுது. மச்சான் இடைவேளை வரைக்கும் வாயைத் திறக்கல.

அப்புறம் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். எங்க மொட்டை மாடியில நின்னா ராஜகிரி தெரியும். படி ஏறினா போதும். நானோ கூடத்துல உட்கார்ந்துக்கிட்டு, யாரோ டிரோன்ல எடுத்த செஞ்சிக் கோட்டை வீடியோவை யூடியூப்ல போட்டுப் பார்த்தேன்! கல்யாண மகால் மாடம் அடுக்கடுக்கா எழும்புது, களஞ்சியத்தோட வளைஞ்ச கூரை, வெங்கடரமணர் கோயில் கோபுரத்துல ஒவ்வொரு பொம்மையும். கேமரா மேல மேல போவுது, ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் கீழ அந்தப் பிளவு, அதைத் தாண்டப் போட்ட பாலம், கீழ அதலபாதாளம், எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உள்ளங்கால் கூசுது. பாறை இடுக்குல முளைச்ச செடியோட இலை அசையுது. "ராஜகிரி!"ன்னு அம்மா கத்தினாங்க, மூணு வயசுக் குழந்தை காக்காயைப் பார்த்துக் கத்தற சந்தோஷம். "மேல போய்ப் பார்த்தா நிஜத்தையே பார்க்கலாமே"ன்னு பையன் சொன்னான். நாங்க யாரும் எழுந்திருக்கல.

குறையே இல்லையான்னு கேட்பீங்க. சத்தம் கொஞ்சம் சன்னம், ஒல்லி உடம்புல ஸ்பீக்கர் எங்க வைப்பான்? பக்கவாட்டுல ரொம்பத் தள்ளி உட்கார்ந்தா கலர் வெளுக்குது, அந்த விஷயத்துல பழைய பெட்டி கெட்டிக்காரி. எச்டி இல்லாத சேனல் கொஞ்சம் மங்கல். போதும், இதுக்கு மேல என் வாயிலேருந்து குறை வராது.

பழசைத் தூக்கிப் போடலை. பிக்சர் டியூப் கண்ணாடியில ஈயம் இருக்கு, உடைச்சுக் குப்பையில கொட்டக்கூடாத சமாச்சாரம். அது அப்பாவோட அறைக்குப் போயிருக்கு, அம்மா தைச்ச உறையோட. மத்தியானத்துல அவர் அதுலதான் பழைய பாட்டு கேட்கிறார், ராத்திரி மேட்ச்சுன்னா மட்டும் யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடியே கூடத்துல முதல் ஆளா வந்து நடு நாற்காலியைப் பிடிச்சுக்கிறார்.

மாத்தலாமா வேணாமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கிறவங்க நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்க. காந்தி பஜார்ல யாரைக் கேட்டாலும் "அந்த 43 அங்குலக்காரரா"ன்னு வழி சொல்வாங்க. காபி உண்டு, வேர்க்கடலை உண்டு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்து பாருங்க. ரிமோட்டை மட்டும் கேட்காதீங்க.