மாக்கோதையின் முகம் யாருடையது?

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக் காசைப் பற்றி எழுதுகிறவர்கள், "சேர மன்னனின் உருவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

மறைந்த தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி இந்தச் சங்க காலக் காசுகளை வெளியிட்டதே பெரிய காரியம். ஒரு தலை, கூடவே தமிழ் பிராமியில் 'மாக்கோதை'. குட்டுவன் கோதை காசும் இதே அமைப்புதான். இப்போ பக்கத்துல நம்ம வெள்ளலூர்ல கிடைத்த மாதிரி ஒரு ரோமானிய தினாரியஸை வைத்துப் பாருங்கள். கொங்கில் அதிகம் கிடைப்பது அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். பக்கவாட்டில் தலை, ஓரத்தில் பெயர். அச்சு வெட்டினவர் கண்ணில் இதுதான் நின்றிருக்கும். அப்படியானால் பெயர் சேரனுடையது, மூக்கும் தாடையும்?

இன்னொரு சிக்கல். மணலில் சலித்து எடுத்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. ரோமானியச் சாயலை வைத்துக் காலம் சொல்லி, அந்தக் காலத்தை வைத்தே ரோமானியத் தொடர்பை நிறுவினால், எங்க தொழிலில் அதற்கு 'சர்க்குலர் டிபெண்டன்சி' என்று பெயர். புரோகிராம் ஓடாது. மிஞ்சுகிற பிடிமானம் எழுத்தின் வடிவம். ஆனால் சேகரிப்பவர்கள் முகத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். போலி செய்கிறவனுக்கும் அது தெரியும்.

போன மாதம் ஒரு நண்பர் ஆசையாய் ஒன்றைக் காட்டினார். எங்கே கிடைத்தது என்றேன். "கரூர்ப் பக்கம்ங்க" என்றார். ஆற்றில் எந்த இடம் என்று கேட்டேன். முகத்தை நல்லாப் பாருங்க என்று லென்ஸை நீட்டினார்.