கோட்டுமுகமும் சதைமுகமும்

பெல்ஜியத்துச் சித்திரக்காரராகிய ஏர்ஜே 1929 ஆம் ஆண்டிலே தொடங்கிய டின்டின் சித்திரக்கதைத் தொடரை, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2011 இல் அசைவுச் சித்திரப் படமாக்கினார். மூன்று நூல்களை ஒன்றாக்கிய தையல் ஆங்காங்கே தெரியினும் அது பெருங்குற்றமன்று. ஆராயத்தக்கது முகமே.

ஏர்ஜேயின் கோடு சீரானது, நிழல் தீற்றாதது. கப்பலையும் காரையும் தெருவையும் நுணுகி வரைந்த அவர், டின்டினுக்குக் கண்களாக இரு புள்ளிகளையே இட்டார். அவ்வெறுமையிலேதான் வாசகன் தன்னை இருத்திக்கொள்கிறான்.

படமோ நடிகரின் அசைவுகளைக் கருவிகளாற் பதிந்து, கணினியில் உருக்கொடுக்கும் முறையைக் கைக்கொண்டது. கப்டன் ஹடொக்குக்கு அது பொருந்துகிறது. தாடியும் சினமும் நிறைந்த அவர் நூலிலேயே சதையுள்ளவர். டின்டினுக்குத் தோலும் மயிரும் வாய்த்தபோது வாசகனுக்கிருந்த இடம் போயிற்று.

வியப்பு யாதெனில், இவ்வேறுபாட்டைப் படமே காட்டிவிடுகிறது. தொடக்கத்தில் ஏர்ஜேயின் சாயலுடைய தெருவோவியர் ஒருவர் டின்டினை வரைந்து கொடுக்கிறார். தாளிலிருப்பது பழைய கோட்டுமுகம். அதற்கு இருந்து கொடுத்தவனோ புதிய சதைமுகத்தான். இவ்விரண்டனுள் உயிருள்ளது எது என்னும் ஐயம் பார்ப்போர்க்கு எழாதிருத்தல் அரிது. எழுப்புவதே இயக்குநர் கருத்தாயின், அது துணிச்சலே.

ஆயினும், மொரோக்கோத் துறைமுக நகரொன்றிலே வெட்டின்றி ஒரே ஓட்டமாய் நிகழும் துரத்தற்காட்சியை எந்நூலும் தரவியலாது. கட்டத்துக்குக் கட்டம் நின்று செல்லும் வாசகன் கண்ணுக்கு அங்கே ஓய்வில்லை. ஏர்ஜேயைப் பின்பற்ற முயலாது, ஸ்பீல்பெர்க் தம் கலையின் மொழியிலேயே பேசிய இடம் அது.